தோம்ராச்சேவாவும் பயிற்சியாளர்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கியதும் உங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை முதலில் பிரிப்பவள். சென்ற வாரம் அதில் நார்வே நாட்டுப் பயத்லான் வீரர் ஓலே எய்னார் பியோர்ன்டாலனைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. கிரிக்கெட்டைத் தவிர வேறு எதற்காவது அரைப் பக்கம் ஒதுக்கினீர்களே என்று மகிழ்ந்துதான் படிக்க உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் அந்த மகிழ்ச்சி நிற்கவில்லை. எட்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவர் சீன அணிக்குப் பயிற்சி கொடுக்கப் போய் வெறுங்கையோடு திரும்பினாராம். ஆகவே பயிற்சியாளராக அவர் தோற்றுப்போனாராம். போகிற போக்கில், மனைவியும் உடன் சென்றிருந்தார் என்று ஒரு வரி. அந்த மனைவிக்குப் பெயர்கூடப் போடவில்லை. இந்த இரண்டையும் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிடும். இடம் போதவில்லை என்றால் முன்பாதியை வெட்டுங்கள். பின்பாதியில் கை வைக்காதீர்கள்.

பனியில் சறுக்கிக்கொண்டே போய்ச் சுடுவது பயத்லான் என்று கட்டுரையில் எழுதியிருந்தது. அவ்வளவு எளிதாக இருந்தால் நானும் போயிருப்பேன். மூன்றரைக் கிலோவுக்குக் குறையாத துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு பனிக்காட்டுப் பாதையில் மேடும் பள்ளமுமாகக் கிலோமீட்டர் கணக்கில் போக வேண்டும். இறக்கத்தைவிட ஏற்றமே அதிகம் வதைக்கும். நெஞ்சு நிமிடத்துக்கு 170, 180 என்று அடித்துக்கொண்டிருக்கும்போது சுடுதளத்துக்குள் நுழைந்து, துப்பாக்கியைக் கழற்றி, ஐந்து குண்டில் ஐந்து குறியை வீழ்த்த வேண்டும். குறி இருப்பது 50 மீட்டர் தூரத்தில். படுத்துச் சுடும்போது அதன் விட்டம் 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். தவறிய ஒவ்வொரு குண்டுக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. 20 கிலோமீட்டர் தனிநபர் பந்தயத்தில் சுற்று கிடையாது, ஒரு தவறுக்கு ஒரு நிமிடம் நேரத்தில் கூட்டிவிடுவார்கள். இத்தனையையும் செய்துவிட்டு மறுபடி காட்டுக்குள் ஓட வேண்டும்.

பள்ளியில் என்.சி.சி. பொறுப்பும் என்னிடம் இருந்ததால் மாணவிகளைக் குன்னூருக்குப் பக்கத்தில் ராணுவ மையம் இருக்கும் வெலிங்டனுக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு அழைத்துப் போவேன். அங்கே சுடுவதும் பயத்லானில் உள்ளதைப் போல .22 அளவுத் துப்பாக்கிதான். ஆற அமரப் படுத்து, மூச்சைச் சமன்படுத்திக்கொண்டு சுட்டாலும் எங்கள் பெண்களின் குண்டுகள் தாளின் நான்கு மூலைக்கும் சிதறிப் போகும். குரூப்பிங் (குண்டுகள் ஒரே இடத்தில் நெருங்கி விழுவது) எங்கே அம்மா என்று சுபேதார் கேட்பார்; பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஓடிக் களைத்து வந்து சுடுவது எப்பேர்ப்பட்ட வித்தை என்று எனக்குப் புரிந்தது அந்தத் தளத்தில்தான்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கையில் துப்பாக்கியைக் கொடுத்து ஓடவிட முடியுமா? அதனால் பந்தை எடுத்துக்கொண்டேன். மைதானத்தை இரண்டு சுற்று ஓடி வந்து, கோட்டுக்குப் பின்னால் நின்று, ஐந்து டென்னிஸ் பந்துகளை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் போட வேண்டும். தவறினால் கொடிக்கம்பத்தைச் சுற்றி வர வேண்டும். ஓட்டத்தில் பள்ளியிலேயே முதலாவதாக வரும் ஒருத்தி கொடிக்கம்பத்தைச் சுற்றிச் சுற்றியே அழுதாள். வேகத்தைக் குறை என்று நான் சொன்னபோதெல்லாம் அவளுக்குக் கோபம்தான் வந்தது. கோட்டுக்கு முப்பது தப்படி இருக்கும்போதே ஓட்டத்தைத் தளர்த்தி மூச்சை இழுத்து விட வேண்டும் என்பதை அவளாகக் கண்டுபிடிக்கும் வரைக்கும் நான் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. பயிற்சியாளர் வேலையில் பெரும்பகுதி இப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது. அதைப் பதக்கப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

பயத்லான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது 1960இல், அமெரிக்காவின் ஸ்குவா வேலியில். தங்கம் வென்ற சுவீடன் வீரர் கிளாஸ் லெஸ்டாண்டர் பனியில் ஓடிய நேரத்தை மட்டும் கணக்கிட்டால் பதினைந்தாவதாகத்தான் வந்திருப்பார். ஆனால் 20 குண்டுகளில் ஒன்றுகூட அவருக்குத் தவறவில்லை. இந்தக் கதையை வகுப்பில் சொன்னால் ஓட்டத்தில் பின்தங்கும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பியோர்ன்டாலனைப் பற்றிக் கட்டுரையில் இருந்தவை பிழை இல்லை. ஆனால் எண்களாக மட்டும் இருந்தன. அவர் வளர்ந்தது சிமோஸ்ட்ராண்டா என்ற சின்ன ஊரில், விவசாயக் குடும்பத்தில். அண்ணன் டாக்கும் பயத்லான் வீரர். 1998 ஒலிம்பிக் தொடரோட்டத்தில் இருவரும் சேர்ந்து வெள்ளி வென்றார்கள். அதே 1998இல் ஜப்பானின் நாகானோவில் ஸ்பிரிண்ட் என்னும் குறுந்தூரப் பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போது பனியும் மூடுபனியும் சூழ்ந்ததால் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அப்போது முன்னணியில் இருந்தவர் இவர். நம்மில் யாராக இருந்தாலும் கையிலிருந்ததைப் பிடுங்கிவிட்டார்கள் என்று இரவெல்லாம் புலம்பியிருப்போம். மறுநாள் பந்தயத்தை மீண்டும் நடத்தினார்கள்; இரண்டாவதாக வந்தவரை ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்தள்ளித் தங்கம் வென்றார். ஸ்பிரிண்டில் ஒரு நிமிடம் என்பது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். 2002 சால்ட் லேக் சிட்டியில் அவர் கலந்துகொண்ட நான்கு பயத்லான் பந்தயங்களிலும் தங்கம். 2014 சோச்சியில், நாற்பது வயது நிறைந்த சில நாட்களில், ஒரு குண்டு தவறியும் 1.3 விநாடி வித்தியாசத்தில் ஸ்பிரிண்ட் தங்கம். அந்த ஒலிம்பிக் முடிந்தபோது அவரிடம் 13 பதக்கங்கள். குளிர்கால ஒலிம்பிக்கில் அன்று வேறு எவரிடமும் அத்தனை இல்லை.

சளி பிடித்துவிடும் என்ற பயத்தில் போகிற ஊருக்கெல்லாம் சொந்த வாக்யூம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு போய் ஹோட்டல் அறையைத் தானே சுத்தம் செய்துகொள்பவர் அவர் என்று படித்திருக்கிறேன். அவருடைய மனப்பயிற்சியாளராக இருந்தவரும் ஒரு காலத்தில் வாக்யூம் கிளீனர் விற்றவர்தான். இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. உலகத்தின் தலைசிறந்த பயத்லான் வீரர் தன் மனத்தைச் சீர்படுத்திக்கொள்ளத் தேடிப் பிடித்தது இன்னொரு சாம்பியனை அல்ல. வாசலுக்கு வாசல் மறுப்பு வாங்கிப் பழகிய ஒரு விற்பனையாளரை. சாம்பியன் நல்ல பயிற்சியாளர் ஆவாரா மாட்டாரா என்று சட்டம் போடக் கிளம்பியவர் இதை ஒரு கணம் யோசித்திருக்கலாம். பிரான்சின் சிக்ஃப்ரீட் மாசே, அந்நாட்டுப் பயத்லான் சாம்பியன் மார்ட்டின் ஃபூர்காடுக்குச் சுடும் பயிற்சி அளித்தவர். பிறகு 2016இல் நார்வே அணிக்குப் போனார். அங்கே யோஹானஸ் போ என்ற வீரர் அவரிடம் பயின்று 2022இல் நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்றார். மாசேயின் சொந்த அலமாரியில் ஒலிம்பிக் பதக்கம் ஏதும் இல்லை. மறுபக்கம் ஜெர்மனியின் மார்க் கிர்ஷ்னர் வீரராக மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர். பயிற்சியாளரான பிறகு அவரிடம் பயின்ற ஆர்ன்ட் பைஃபர் 2018இல் ஸ்பிரிண்ட் தங்கம் வென்றார். அப்படியும் உண்டு, இப்படியும் உண்டு. இதில் சட்டம் எங்கே இருக்கிறது?

இனி சீனாவுக்கு வருகிறேன். பியோர்ன்டாலன் தலைமைப் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டது 2019 செப்டம்பரில். பெய்ஜிங் ஒலிம்பிக் 2022 பிப்ரவரியில். நடுவில் இருப்பது இரண்டரை ஆண்டுக்கும் குறைவு. அதிலும் உலகக் கோப்பை என்னும் பந்தயத் தொடரின் 2020-21 பருவம் முழுவதும் கொரோனா காரணமாகச் சீன அணி பந்தயங்களுக்கே வரவில்லை. பயத்லான் வீரர் ஒருவர் பந்தயத்தில் பக்கத்து வரிசையில் இன்னொருவர் சடசடவென்று ஐந்து குறியையும் வீழ்த்திவிட்டுக் கிளம்பும்போது தன் விரலை விசையில் அவசரப்படாமல் வைத்திருக்கப் பழக வேண்டும். அது பயிற்சி முகாமில் வராது. போட்டியில் பலமுறை தோற்றால்தான் வரும். தோற்பதற்கே வாய்ப்பில்லாமல் ஒரு பருவம் முழுக்கப் போனபிறகு பதக்கம் எங்கே என்று கேட்பது, கவாத்து வெட்டிய தேயிலைத் தோட்டத்தில் அந்த மாதமே கொழுந்து எத்தனை கிலோ என்று கேட்பதைப் போன்றது. எங்கள் ஊரில் தேயிலையைப் பற்றி ஒன்றும் தெரியாத மேனேஜர்கூட அப்படிக் கேட்க மாட்டார். பெய்ஜிங்கில் சீனா பயத்லானில் பதக்கம் வெல்லவில்லை என்பது உண்மை. போட்டிக்கு முன்னும் பின்னும் அந்த அணியினர் எத்தனை குறியை வீழ்த்தினார்கள், சுடுதளத்தில் எத்தனை விநாடி எடுத்துக்கொண்டார்கள், ஓட்டத்தில் எவ்வளவு பின்தங்கினார்கள் என்று ஒப்பிட்டுக் காட்டி, முன்னேற்றமே இல்லை என்று எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். கட்டுரையில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

அந்தக் கணக்கில் பார்த்தால் பி.டி. உஷாவின் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியாரும் தோற்றவர்தான். விமானப்படையில் இருந்துவிட்டு வந்து, கூடலூர் வழியாக இறங்கினால் எட்டிவிடுகிற கோழிக்கோட்டு மாவட்டத்துப் பெண் ஒருத்தியை 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் இறுதிப் பந்தயம் வரை கொண்டுபோனார். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலம் போயிற்று. பதக்கப் பட்டியலில் பூஜ்யம். மறு ஆண்டு துரோணாச்சாரியார் விருது தொடங்கப்பட்டபோது முதன்முதலில் பெற்றவர்களில் அவரும் ஒருவர். நல்லவேளையாக விருதுக் குழுவில் இருந்தவர்கள் உங்கள் கட்டுரையாளரைப் போலக் கணக்குப் போடவில்லை.

இப்போது அந்தப் பெயரில்லாத மனைவி.

அவர் பெயர் தார்யா தோம்ராச்சேவா. பெலாரஸ் நாட்டின் மின்ஸ்க் நகரில் பிறந்தவர், சைபீரியாவில் வளர்ந்தவர். 2010இல் ஒலிம்பிக் வெண்கலம். 2014 சோச்சியில் மூன்று தங்கம், மூன்றும் தனிநபர் பந்தயங்களில். ஒரே ஒலிம்பிக்கில் அப்படி வென்ற முதல் பயத்லான் வீராங்கனை அவர். அடுத்த பருவத்தில் ஒட்டுமொத்த உலகக் கோப்பை. அதற்கடுத்த பருவம் முழுக்க நோயில் போயிற்று. 2016இல் திருமணம், அந்த ஆண்டே பெண் குழந்தை. கைக்குழந்தைக்காரியாகப் பந்தயத்துக்குத் திரும்பி 2018 பியோங்சாங்கில் ஒரு வெள்ளியும் தொடரோட்டத் தங்கமும் வென்றார். ஆக நான்கு தங்கம் உட்பட ஆறு பதக்கங்கள்.

அந்த 2018இல் கணவர் எங்கே இருந்தார் என்று கட்டுரை எழுதிய தம்பிக்கோ தங்கைக்கோ தெரியுமா? நார்வே அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பியோங்சாங்குக்கு அவர் வந்தது பெலாரஸ் அணியின் அனுமதிச் சீட்டில், மனைவிக்கு உதவியாக. மனைவியுடன் கணவரும் சென்றிருந்தார் என்று அப்போது எந்தப் பத்திரிகையாவது ஒரு வரியில் எழுதி முடித்திருக்குமா?

சீனாவில் தோம்ராச்சேவாவிடம் பெண்கள் அணி இருந்தது. கணவரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் அங்கே போகவில்லை. பயிற்சியாளராக அவரைப் பற்றி நான் யோசிக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருவது அவருடைய தங்கங்கள் எவையும் இல்லை. 2009இல் ஜெர்மனியின் ஓபர்ஹோஃபில் நடந்த ஒரு பந்தயத்தில், படுத்துச் சுட வேண்டிய முறையில் அவர் நின்றுகொண்டு சுட்டார். உலகமே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க! பயத்லானில் அதைவிட வெட்கப்படத்தக்க கூத்து கிடையாது. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே பெண் சோச்சியில் மூன்று தங்கம் வாங்குகிறார். பதற்றத்தில் தலை வெற்றிடமாகிப்போன ஒரு பதினெட்டு வயதுச் சீனப் பெண் சுடுதளத்திலிருந்து அழுதுகொண்டே திரும்பினால், அவளிடம் பேச இவரைவிடத் தகுதியானவர் யார்? கணவரால்கூட முடியாது என்பேன். நான்கில் நான்கு வென்றவருக்கு அந்த அழுகையின் அடி தெரிவது கடினம்.

மண்டலப் போட்டிகளுக்கு மாணவிகளை அழைத்துப் போகும்போது எனக்குப் பழகிப்போன ஒன்று: அழுகிற பெண்ணைச் சமாதானப்படுத்தும் வேலை மட்டும் டீச்சருடையது, கோப்பையுடன் புகைப்படத்துக்கு நிற்கும் வேலை மற்றவர்களுடையது. அதனால் எனக்குக் கோபம் சற்று அதிகமாக இருக்கிறது என்று நீங்கள் நினைத்தால், இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நீலகிரியில் ஒரு தனியார் பள்ளி, மாநில அளவில் ஓட்டப் பதக்கங்கள் வென்ற ஓர் இளைஞரைப் பயிற்சியாளராக வைத்தது. விளம்பரப் பலகையில் அவர் பதக்கத்தைக் கடிக்கும் படத்தைப் போட்டார்கள். காலையில் தேயிலைத் தோட்டத்துச் சாலையில் காட்டெருமை நிற்கிறதா, கரடி போயிருக்கிறதா என்று முதலில் தான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை ஓடவிடுவார் அவர். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நேரம் குறிக்கும் கடிகாரத்தையே காட்ட மாட்டார். பாதம் எப்படி விழுகிறது என்று மட்டும் பார்ப்பார். குடியரசு தின விழாப் போட்டிகளில் அடுத்தடுத்துப் பரிசு வரவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது சமவெளியில் ஏதோ ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறார். உங்கள் கட்டுரையைப் போன்றவற்றைப் பள்ளித் தாளாளர்களும் படிக்கிறார்கள். எட்டுத் தங்கம் வாங்கியவராலேயே முடியவில்லை, உன்னால் என்ன ஆகும் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு ஆதாரம் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

கட்டுரையின் கடைசியில், பனியே இல்லாத தமிழ்நாட்டுக்கு இந்த விளையாட்டால் ஆவது என்ன என்று ஒரு கேலியும் இருந்தது. உறைபனி விழும் ஜனவரியில் ஒரு விடியற்காலை ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தாவுக்கு வந்து நின்று பார்த்துவிட்டு அதை எழுதியிருக்கலாம். போகட்டும், சறுக்குவதற்கு அது போதாதுதான். ஆனால் கோடையில் பயத்லான் வீரர்கள் பயிற்சி செய்வது பனியில் இல்லை. சக்கரம் பொருத்திய சறுக்குப் பலகையில், தார்ச்சாலையில். 2026 ஒலிம்பிக்கின் பயத்லான் போட்டிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இத்தாலியின் ஆன்டர்செல்வா, வழக்கமாக உலகக் கோப்பை நடக்கும் தளங்களிலேயே உயரமானது; அதுவே சுமார் 1,600 மீட்டர்தான். குன்னூர் 1,850 மீட்டரில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். காற்று மெலிந்த இடத்தில் ஏறி இறங்கிப் பழகிய நெஞ்சுகள் எங்கள் ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், ஏராளம். வெலிங்டனில் சுடுதளம் இருக்கிறது. காஷ்மீரின் குல்மார்க்கில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் 2020 முதல் நடக்கின்றன. எங்கள் பிள்ளைகள் நாளைக்கே பயத்லானுக்குப் போய்விடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. மலைப் பிள்ளைகளுக்கு எது ஆகும், எது ஆகாது என்பதைச் சமவெளியில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

உங்களிடம் கேட்பது இரண்டு. தோம்ராச்சேவாவின் பெயரையும் பதக்கங்களையும் அடுத்த வார விளையாட்டுப் பக்கத்தில், திருத்தம் என்று மூலையில் பொடி எழுத்தில் போடாமல், கட்டுரை வந்த அதே இடத்தில் வெளியிடுங்கள். படம் போடுவதாக இருந்தால் அவர் தனியாகத் துப்பாக்கியோடு நிற்கும் படமாக இருக்கட்டும். இரண்டாவது, மாவட்டப் பள்ளிப் போட்டிகளின் முடிவுகளை வெளியிடும்போது, வென்ற மாணவர் பெயருக்குக் கீழே பள்ளியின் பெயரோடு நிறுத்திவிடுகிறீர்கள். அந்தப் பிள்ளைக்கு முதலில் ஓடக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்டு அதையும் ஒரு வரி சேருங்கள். உங்கள் கோத்தகிரி நிருபருக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும், விசாரித்துக் கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.